துருப்பிடித்த ஹெரால்டுக்கு மறுஜன்மம்!

“என்னங்க, இந்தத் தகர டப்பாவை இன்னும் எத்தனை நாளைக்குத்தான் வெச்சுக் காப்பாத்தப் போறீங்க? காயலான் கடையிலே போட்டா நாலு காசாவது தேறும். இடமும் காலியாகும்!”

இப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, நானேதான். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வருஷக் கணக்காகச் சொல்லியிருக்கிறேன். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டில் கார் ஷெட் என்று இருந்ததே அந்த ஒரு காருக்காகத்தான். 1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவு. என் மாமனார் 1974-ல் பழைய விலைக்கு வாங்கியது.

மாமாவுக்கும் அந்தக் காருக்கும் உள்ள உறவு, வாங்கினவருக்கும் வாங்கின பொருளுக்கும் உள்ள உறவு மட்டும் இல்லை. அவர் பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில், பாடி பொருத்தும் பிரிவில் வேலை பார்த்தவர். “எரால்டு என் கை வழியா வந்த வண்டிம்மா” என்பார். இப்போது அவருக்கு வயசு எண்பத்தாறு. ஒரு கண்ணில் பார்வை அநேகமாக இல்லை.

நம்ம ஊர்க் கார்

இன்றைய பெண்களுக்கு ஹெரால்டு என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். ஒரு காலத்தில் நம் தேசத்தில் கார் என்றால் மூன்றுதான்: அம்பாசடர், பியட், ஹெரால்டு. முதலாவது கல்கத்தா பக்கம், இரண்டாவது பம்பாய். மூன்றாவது நம் தாம்பரத்துக்கு அடுத்தாற்போல்!

இத்தாலி தேசத்து மிக்கெலோட்டி என்பவர் வடிவமைத்த கார் இது. 1959-ல் இங்கிலாந்தில் ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்று வெளிவந்தது. 1961 முதல் இங்கே தயாராயிற்று. 948 சி.சி. என்ஜின். முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னால் கவிழும். என்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். பின்னால் நான்கு கதவு ஹெரால்டும், 1972-ல் கெஸல் என்ற காரும், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரும் வந்தன. 1988-ல் கார் தயாரிப்பு நின்றுபோயிற்று. அந்த இடத்தில் இன்று கண்ணாடி வைத்த ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்பும் நிற்கின்றன.

வெள்ளமும் பட்டியும்

2015 டிசம்பர் வெள்ளத்தை நம் பக்கத்துப் பெண்கள் யாரும் மறந்திருக்க முடியாது. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மிதந்தன. ஹெரால்டின் சீட்டு வரைக்கும் தண்ணீர். நாங்கள் மாடியில் இருந்தோம். மாமா மட்டும் ஜன்னல் வழியே ஷெட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் வடிந்ததும் ஒரு பட்டறைக்காரர் வந்து, “பத்து நாள்லே புதுசு பண்ணித் தர்றேன் சார்” என்றார். செய்தும் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. அடுத்த மழைக்காலம் போய் அதற்கடுத்தது வருவதற்குள், கதவுக்குக் கீழே பெயிண்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பிற்று. விரலால் அழுத்தினேன். பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது! துருவைச் சுரண்டாமலே மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்.

புண்ணைக் கழுவாமல் மேலே பவுடர் போட்டால் ஆறுமா? துருவும் அப்படித்தான். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. கடல்காற்றின் உப்பு அதை வேகப்படுத்தும். திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம் பக்கம் கேட்டும் கிரில்லும் சீக்கிரம் அரிப்பது இதனால்தான். இரும்பு துருவானால் பல மடங்கு பருத்துவிடும். அதுதான் பெயிண்டை உள்ளிருந்து தள்ளுகிறது. மேலே போட்ட பட்டியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஜப்பான்காரர் பட்ட பாடு

“நம்ம வண்டி மட்டும்தான் இப்படியா?” என்று மாமாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, டாட்ஸன் 240 இசட் என்ற ஜப்பானியப் பந்தயக் காரைப் பற்றிச் சொன்னார். நிஸான் கம்பெனி 1969-ல் கொண்டுவந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சபாரி ராலியில் 1971-லும் 1973-லும் ஜெயித்தது. 1973-ல் ஓட்டி ஜெயித்தவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சேகர் மேத்தா!

அவ்வளவு புகழ்பெற்ற கார், துருவிடம் தோற்றது. தகடு மெல்லிசு, அந்தக் காலத்தில் துருத் தடுப்பும் போதாது. குளிர் தேசங்களில் பனி உருக ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிட்டது. அதில் தனிச் சட்டம் கிடையாது. பாடியே காரைத் தாங்கும் எலும்பு. கதவடித் தகடு அரித்தால் காரே பலம் இழந்துவிடும். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிஸான் கம்பெனியே பழைய 240 இசட் கார்களை வாங்கி, புதுப்பித்து விற்றது என்றால், எத்தனை ஆசை பாருங்கள்! அதே நிஸான் இன்று நமக்குத் தெரிந்த பெயர்தான். ரெனோவோடு சேர்ந்து 2010-ல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது.

ஹெரால்டுக்கு ஓர் அதிர்ஷ்டம். இங்கிலாந்தில் பாடி செய்துதந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் தனிச் சட்டத்தின்மேல், பாகம் பாகமாகச் செய்த பாடியைப் போல்ட் போட்டு முடுக்கும்படி இதை வடிவமைத்தார்கள். அன்று அது சங்கடத்துக்குச் செய்த யுக்தி. இன்று நமக்கு வரம். அரித்த பாகத்தைத் தனியே கழற்றிச் சீர்செய்யலாமே!

மேஸ்திரியின் காந்தம்

போன வருஷம் மாமா ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: “ஏம்மா, எனக்கு ஒரே ஆசைதான். அந்த வண்டியிலே ஒரு தரம் பெருங்களத்தூர் வரைக்கும் போயிட்டு வரணும்.” அதற்கப்புறம் காயலான் கடைப் பேச்சை நான் எடுக்கவில்லை.

சேலையூர் பக்கத்திலிருந்து வயசான ஒரு டிங்கரிங் மேஸ்திரி வந்தார். பையிலிருந்து துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து பாடி முழுக்க வைத்துப் பார்த்தார். தகடு இருந்த இடத்தில் ஒட்டிற்று. பட்டி கனமாக இருந்த இடத்தில் நழுவி விழுந்தது. “அம்மா, பெயிண்டு கடைசி வேலை. அதுக்கு முன்னாடி பத்துப் பங்கு வேலை இருக்கு. ஆறு மாசம் பொறுப்பீங்களா?” என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் செய்த ஒழுங்கைச் சொல்கிறேன். யாராவது உங்கள் வீட்டுப் பழைய வண்டியைப் புதுப்பிக்க வந்தால் கேட்டுக்கொள்ள உதவும்.

முதலில், கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுத்தோம். போல்ட், நட்டுகளைத் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினேன். அந்த வேலை என்னுடையது. மளிகை டப்பா ஒழுங்கு இதிலும் கைகொடுத்தது!

அடுத்து, சட்டத்தைச் சரிபார்த்தார். பாடியைத் தாங்கும் பக்கக் கைகள் அரித்திருந்தால் மேலே எவ்வளவு அழகு செய்தும் பயனில்லை. கதவு இடைவெளி கோணாமல் இருக்க உள்ளே கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அரித்ததை வெட்டினார். ஒரேயடியாக எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனார்.

துருவை வெட்டும்போது, வெள்ளி மாதிரி மின்னும் நல்ல தகடு தெரியும்வரை போனார். அதே கனத்துத் தகட்டை வெட்டி, இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளியாகப் பற்றவைத்தார். தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடுமாம். பிறகு எபாக்ஸி ப்ரைமர், அதன்மேல் மெல்லிசாகப் பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, கடைசியில் பெயிண்ட். கதவுக்குள்ளும் மூடிய பெட்டிப் பகுதிகளிலும் மெழுகு கலந்த துருத் தடுப்பைப் பீய்ச்சினார். கிடைக்காத சாமான்களைப் புதுப்பேட்டையில் தேடி வாங்கினோம்.

ஒருநாள், எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது மாமா உள்ளங்கையில் துணியை வைத்துக் கதவைத் தடவினார். “இங்கே ஒரு அலை இருக்கு” என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேஸ்திரி தானும் தடவிப் பார்த்துவிட்டு, பேசாமல் உப்புத்தாளை எடுத்தார்!

ஜாக்கிரதை, இது ஆரோக்கிய விஷயம்!

என் பேரனுக்கு வீசிங் உண்டு. அதனால் இந்த வேலையில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். வாசகியர் கவனத்துக்குச் சில:

● பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தொழிற்சாலையிலேயே இணைப்புகளில் ஈயப் பற்றாசு நிரப்பியதும் உண்டு. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். (வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய கிரில், ஜன்னலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.)

● கார்களுக்கு ஹார்டனர் கலந்து ஸ்பிரே செய்யும் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. சாதாரண முகமூடியும், என்-95-ம் இதைத் தடுக்காது. எனவே வீட்டு வாசலில் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். நாங்கள் பெயிண்ட் பூத் உள்ள பட்டறைக்கே வண்டியை அனுப்பினோம்.

● வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் சில மணி நேரம் கழித்து கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். தாய்ப்பால், மூலிகைச் சாறு என்று எதையும் விடாமல் கண் டாக்டரிடம் போங்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைப் பற்றவைத்த புகையால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பால் குடித்தால் முறியும் என்பது வெறும் நம்பிக்கை. காற்றோட்டம்தான் மருந்து.

● பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தூர வைத்த பிறகே வெல்டிங். காலி டாங்கு என்று அலட்சியம் வேண்டாம். உள்ளே உள்ள ஆவி வெடிக்கும்.

● துரு பட்டுக் காயம் என்றால் டெட்டனஸ் பயம். உண்மையில் அது துருவால் வருவதில்லை. மண்ணில் இருக்கும் கிருமியால் வருகிறது. காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். சட்டத்தையோ பாடியையோ என்ஜினையோ பெரிதாக மாற்றினால் அந்தத் தகுதியும் போய்விடும். ஆகவே வெட்டுவதற்கு முன் யோசியுங்கள்! நாங்கள் பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டோம்.

வீட்டுக்கும் ஒரு கைமுறை

சின்ன போல்ட், கீல், பழைய பூட்டு இவற்றை ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் பிரஷ்ஷால் தேய்த்ததும் துரு கழன்று வந்தது. பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். தாமதித்தால் மறுபடி துரு! கேட்டின் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி ஆயுள் கூடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். சின்னக் கார் வாங்கும் காசில் பாதிக்கு மேல் ஆயிற்று. லாபக் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். நான் ஒளிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஜி.எஸ்.டி. ரோட்டில் கூட்டம் சேர்வதற்கு முன் கிளம்பினோம். என் கணவர் ஓட்ட, மாமா முன் சீட்டில். பெருங்களத்தூரில் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு எதிரே வண்டியை நிறுத்தினோம். மாமா இறங்கவில்லை. நல்ல கண்ணால் சற்றுநேரம் பார்த்தார். கை மட்டும் கதவைத் தடவிக்கொண்டே இருந்தது. ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

“ஏம்மா, கதவுக்குக் கீழே தண்ணி வடியற ஓட்டையெல்லாம் அடைச்சுக்காமக் குத்தி விட்டீங்களா? ஐப்பசி வருது” என்றார்.

குத்திவிட்டேன். இப்போதெல்லாம் மழைக்கு முன்னால் ஊறுகாய் ஜாடியைத் துடைத்து வைப்பது மாதிரி, அதுவும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.