எந்தத் துவாரம், எவ்வளவு வேகம்?

தாம்பரத்துக்குத் தென்கிழக்கே உள்ள மாடம்பாக்கம் என்னும் எங்கள் ஊர், 2021-ஆம் வருஷத்தில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும், பாதிக் கிராமமாகவே இருந்து வருகிறது. சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் ஆலயம் இருக்கிறது, ஏரி இருக்கிறது, அண்டை வீட்டார் வாசலில் வந்து நின்று உரக்கக் கூப்பிடும் வழக்கமும் இருக்கிறது. நாம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்துக் காலக்ஷேபம் செய்கிறோம். ஆகையால் மின்விசிறி நின்று போனாலும், டெலிவிஷன் கண் சிமிட்டினாலும் நம்மைக் கூப்பிடுவது என்று தெருவார் ஏகமனதாகத் தீர்மானம் செய்திருக்கிறார்கள்.

அவ்விதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நம்மைக் கூப்பிட்டவர், ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்.

"வாத்தியார் ஸார்! கொஞ்சம் வந்துவிட்டுப் போக வேண்டும். கம்ப்யூட்டர் மானத்தை வாங்குகிறது!" என்றார்.

விஷயம் இதுதான். நண்பரின் ஒரே புதல்வி மேல்படிப்புக்காக ஜெர்மனி தேசத்தில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள் அன்றிரவு மீனம்பாக்கத்தில் விமானம் ஏற வேண்டும். ஏழரை மணிக்கு வாடகைக் கார் வாசலுக்கு வந்துவிடும். அவளுடைய தாயார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த அம்மாளின் புகைப்படங்கள், நவராத்திரிக் கொலுவின் முன் உட்கார்ந்து பாடிய பாட்டுக்கள், மகளின் முதற் பிறந்த நாள் தொடங்கி எடுத்த வீடியோக்கள் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றிலேதான் இருக்கின்றன. 2015-ஆம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தில், முடிச்சூரிலிருந்த தம் தமக்கை வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் சேறாகிப் போனதை நண்பர் கண்ணாரக் கண்டவர். ஆகவே இந்தச் செல்வத்தின் பிரதி ஒன்று கடல் கடந்து பத்திரமாக இருக்கட்டும் என்று, வெளியிலிருந்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வைத்திருந்தார். வாங்கியது முந்திய மாதம். நகல் எடுக்கத் தொடங்கியது விமானம் ஏறும் மாலை. இதற்காக அவரை நாம் குறை கூறப் போவதில்லை. தேர்வுக்கு முந்திய இரவு புத்தகத்தைத் திறக்கும் குணம் மாணவர்களுக்கு மட்டும் உரியதல்லவே!

கம்ப்யூட்டர்த் திரையைப் பார்த்தோம். நகல் செய்ய வேண்டியது சுமார் 300 ஜி.பி. வேகம் விநாடிக்கு 35 மெகாபைட். முடிவதற்கு இன்னும் 2 மணி 20 நிமிஷம் ஆகும் என்று யந்திரம் ஈவிரக்கமின்றி அறிவித்தது.

"பெட்டியின் மேல் '5 ஜிகாபிட், சூப்பர் ஸ்பீட்' என்று அச்சடித்திருக்கிறதே, மாமா! அது பொய்யா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

முதற் சோதனை

நண்பர் ஹார்ட் டிஸ்க்கை இணைத்திருந்தது கம்ப்யூட்டர்ப் பெட்டியின் முன்பக்கத்திலுள்ள யு.எஸ்.பி. போர்ட்டில். அதன் உட்புறத்து நாக்கு கறுப்பு நிறம். இத்தகைய கறுப்புத் துவாரங்கள் பெரும்பாலும் 2000-ஆம் வருஷத்தில் வெளியான யு.எஸ்.பி. 2.0 முறையைச் சேர்ந்தவை. அதன் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். இங்கே நேயர்கள் ஒரு சங்கதியை மனத்தில் கொள்ள வேண்டும். கம்பெனிகள் விளம்பரப்படுத்துவது பிட் கணக்கு. நம் திரையில் தெரிவது பைட் கணக்கு. எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 480 என்பது 60 மெகாபைட் ஆகிவிடுகிறது. அதிலும் வழிச்செலவு போக நம் கைக்கு வருவது 35 அல்லது 40. திரையில் கண்டதும் அதே எண்தான்.

பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்தோம். நீல நாக்குடன் இரண்டு துவாரங்கள் இருந்தன. 2008-இல் வந்த யு.எஸ்.பி. 3.0 முறைக்கு நீலம் அடையாளம். அதன் வேகம் 5 ஜிகாபிட், அதாவது பழையதைப் போல் பத்து மடங்குக்கு மேல். நகலை நிறுத்தி, முறைப்படி டிஸ்க்கை விடுவித்து, பின்புறம் மாற்றிப் பொருத்தினோம். மீண்டும் தொடங்கினோம்.

35 மெகாபைட்!

"என்ன ஸார், ஊர் மாறியும் உத்தியோகம் மாறவில்லையே!" என்றார் நண்பர். மணி ஆறே கால்.

மீட்டர் கேஜும் பிராட் கேஜும்

அப்பொழுதுதான் நமது பார்வை கேபிளின் மேல் விழுந்தது. ஹார்ட் டிஸ்க்கின் வாய் அகலமானது. இரண்டு அறைகள் சேர்ந்தாற்போல் அமைந்தது. நண்பர் செருகியிருந்த கேபிளோ அதில் ஓர் அறையை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தது. விசாரித்ததில் உண்மை வெளியாயிற்று. டிஸ்க்கோடு வந்த கேபிள் குட்டையாக இருந்ததாம். முன்புறத்திலிருந்து மேஜைக்கு எட்டவில்லையாம். ஆகவே பழைய டெலிபோன் சார்ஜரின் நீண்ட கேபிளை எடுத்துச் செருகிவிட்டார். அதுவும் பொருந்திவிட்டது. வினையே அங்கேதான், பொருந்தாமல் இருந்திருந்தால் சந்தேகமாவது தோன்றியிருக்கும்.

யு.எஸ்.பி. 2.0 கேபிளினுள் இருப்பவை நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. 3.0 முறை, இந்த நான்கோடு இன்னும் ஐந்து தொடர்புகளைச் சேர்த்து ஒன்பது ஆக்கிற்று. வேகமெல்லாம் அந்தப் புதிய கம்பிகளின் வழியேதான் செல்லுகிறது. அவை இல்லாத கேபிளைச் செருகினால், இரு முனையிலும் உள்ள யந்திரங்கள் ஒன்றும் சொல்லாமல் பழைய இரண்டு கம்பிகளின் வழியே பேசத் தொடங்கிவிடுகின்றன.

நண்பருக்கு அவருடைய பாஷையிலேயே சொன்னோம். "கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-இல் மீட்டர் கேஜ் பாதையில்தானே ஓடத் தொடங்கிற்று? அந்தப் பாதை 2004-இல் முற்றும் பிராட் கேஜாக மாறியது. நடுவே ஒரே ஒரு மைல் பழைய பாதையாக விட்டிருந்தால், பெரிய வண்டி முழுத் தூரமும் ஓடியிருக்குமா?"

"எப்படி ஓடும்? சரக்கை இறக்கிச் சின்ன வண்டியில்தான் ஏற்ற வேண்டும்" என்றார்.

"இங்கேயும் அவ்வளவுதான். துவாரம், கேபிள், டிஸ்க் மூன்றும் ஒரே பாதை. எது மெதுவோ, அதுவே எல்லாவற்றின் வேகமும்."

மேலே பேச அவர் நிற்கவில்லை. அலமாரியைக் குடைந்து, அட்டைப் பெட்டியிலிருந்து குட்டைக் கேபிளைக் கொண்டு வந்தார். பின்புற நீலத் துவாரத்தில் அதைச் செருகியதும் வேகம் 110 மெகாபைட்டுக்குத் தாவிற்று. பாக்கி நேரம் 45 நிமிஷம் என்று திரை கூறியது. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாமகரண வைபவம்

நகல் ஆகிக்கொண்டிருக்கட்டும். படித்த மனிதர் ஒருவர் இப்படி ஏமாறுவதற்குக் காரணம் என்ன என்று சற்று யோசிப்போம்.

யு.எஸ்.பி. பிறந்த கதை நம் நாட்டாருக்குப் பெருமை தருவது. அதை உருவாக்கிய குழுவில் முதன்மையாக நின்ற ஸ்ரீ அஜய் பட், கூர்ஜர நாட்டில் பிறந்து, பரோடா மகாராஜா சாயாஜிராவ் சர்வகலாசாலையில் பயின்று, அமெரிக்கா சென்று, இன்டெல் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். அக்காலத்துக் கம்ப்யூட்டரில் விசைப்பலகைக்கு ஒரு துவாரம், பிரின்டருக்கு வேறொன்று, மோடத்துக்கு மற்றொன்று. இவ்வளவுக்கும் பதிலாக ஒன்று போதும் என்பதுதான் எண்ணம். ஏழு கம்பெனிகள் கூடி வகுத்த முதல் விதிமுறை 1996 ஜனவரியில் வெளியாயிற்று. உரிமைத் தொகை கேட்காமல் அதை உலகுக்கு வழங்கினார்கள். இந்தியச் சர்க்கார் 2019-இல் ஸ்ரீ அஜய் பட்டுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துக் கௌரவித்தது.

குழந்தை நல்ல குழந்தைதான். பெயர் வைத்தவர்கள்தான் குழப்பிவிட்டார்கள். ஆதியில் 12 மெகாபிட் வேகத்துக்கு 'புல் ஸ்பீட்' என்று பெயர் சூட்டினார்கள். பிறகு 480 வந்தபோது முழுமைக்கு மேல் என்ன சொல்வது? 'ஹை ஸ்பீட்' என்றார்கள். 5 ஜிகாபிட் வந்தது. 'சூப்பர் ஸ்பீட்' ஆயிற்று. முழு வேகத்தைவிட உயர்ந்த வேகம் நாற்பது மடங்கு பெரிது என்னும் கணக்கை எந்த வகுப்பில் போதிப்பது?

இத்துடன் நிற்கவில்லை. 2008-இல் 3.0 என்று பிறந்த அதே 5 ஜிகாபிட் வேகத்துக்கு, 2013-இல் '3.1 ஜென் 1' என்றும், 2017-இல் '3.2 ஜென் 1' என்றும் மறு நாமகரணம் செய்தார்கள். ஆகவே பெட்டியின் மேல் 3.2 என்று மட்டும் போட்டிருந்தால், அது 5 ஆகவும் இருக்கலாம். 10 ஆகவும் இருக்கலாம். 20 ஆகவும் இருக்கலாம். பழைய சரக்குக்குப் புதுப் பெயர் கிடைத்தால் வியாபாரிகளுக்கு லாபம், குடும்பஸ்தனுக்கு நஷ்டம். கடைசியில் 2022-இல், விதிகளைப் பரிபாலனம் செய்யும் கம்பெனிகளின் சங்கமே மனம் இரங்கி, இனி 5, 10, 20, 40 என்று வேகத்தின் எண்ணையே வாங்குவோருக்குச் சொல்லுவது என்று முடிவு செய்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்!

2014-இல் வந்த டைப்-ஸி என்னும் நீள்வட்டத் துவாரம் இன்னொரு மயக்கத்தைக் கொண்டு வந்தது. எப்புறம் திருப்பினாலும் செருகலாம் என்பது பெரிய சௌகரியம். ஆனால் டைப்-ஸி என்பது உருவத்தின் பெயரே தவிர, வேகத்தின் பெயர் அன்று. 2023-இல் வெளியான ஐபோன் 15 வரிசையை உதாரணமாகக் கொள்ளலாம். சாதாரண ஐபோன் 15-க்கும், 15 ப்ரோவுக்கும் துவாரம் ஒரே உருவம். முன்னதன் வேகம் 480 மெகாபிட். பின்னதன் வேகம் 10 ஜிகாபிட். அதே 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் டைப்-ஸி துவாரத்துக்கான தர விதியை வெளியிட்டது. உருவம் ஒன்றாவது நல்லதே. உள்ளே இருப்பதை எண்ணால் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

இல்லத்தாருக்குச் சில வார்த்தைகள்

நேயர்கள் தங்கள் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய பரீட்சை மிகவும் எளிது. பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை டிஸ்க்குக்கு நகல் செய்யுங்கள். வேகம் 35, 40 மெகாபைட்டிலேயே அசையாமல் நின்றால், பாதையில் எங்கோ 2.0 ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். முதலில் துவாரத்தை மாற்றுங்கள். பிறகு கேபிளை மாற்றுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் குற்றவாளி அகப்படுவான். சிறு சிறு புகைப்படங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பினால் வேகம் இயல்பாகவே குறையும். ஆதலால் பரீட்சைக்குப் பெரிய கோப்பே உசிதம்.

நிறத்தை நம்பலாமா? ஓரளவு நம்பலாம். நீலம் என்பது சிபாரிசுதானே தவிரக் கட்டாயம் அல்ல. கறுப்பு நாக்குடன் வேகமான துவாரங்களும் உண்டு. யந்திரத்தோடு வந்த கையேட்டில் எண்ணைப் பார்ப்பதே நிச்சயம்.

ரிச்சி தெருவுக்கோ, வேறு கடைக்கோ கேபிள் வாங்கப் போனால், "டைப்-ஸி கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை ஜிகாபிட்?" என்று கேளுங்கள். வாட் கணக்கு சார்ஜ் ஏற்றும் சக்தியைக் குறிப்பது. அதற்கும் நகலின் வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

வேகம் அதிகம் என்று வீண் செலவும் செய்ய வேண்டாம். சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க், தானே விநாடிக்கு நூறு அல்லது நூற்றைம்பது மெகாபைட்தான் எழுதும். அதற்கு 5 ஜிகாபிட் துவாரமே தாராளம். 20 வாங்கினாலும் தட்டு வேகமாகச் சுழலப் போவதில்லை. தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்குத்தான் 10 ஜிகாபிட்டின் பலன் தெரியும். விசைப்பலகை, மௌஸ் இவற்றுக்குக் கறுப்புத் துவாரமே போதும். கம்பியில்லா மௌஸின் சிறு குமிழை நீலத் துவாரங்களுக்கு அருகில் செருகாமல் இருப்பது உத்தமம், 3.0 முறையின் இரைச்சல் அதன் ரேடியோ அலையில் குறுக்கிடுவதுண்டு.

ஏழு மணி ஐந்து நிமிஷம்

நகல் முடிந்தபோது மணி ஏழு ஆகி ஐந்து நிமிஷம். அந்தப் பெண் உடனே டிஸ்க்கைப் பிடுங்கவில்லை. நகலில் இருந்த வீடியோ ஒன்றைத் திறந்து பார்த்தாள். தாயார் கொலுவின் முன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போதும், படம் எடுத்தது!" என்று கையால் மறைக்கும் காட்சி அது. தகப்பனாரும் மகளும் அதை இரண்டு தடவை பார்த்தார்கள். நாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். அப்புறம் டிஸ்க்கை முறைப்படி விடுவித்து, பெட்டிச் சாமான்களோடு சேர்க்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஏழரைக்குக் கார் வந்தது.

மறுநாள் நண்பர் வீட்டுக்குச் சென்று, நமது ஐயத்தையும் தீர்த்துக்கொண்டோம். வீட்டிலிருந்த நமது சொந்த டிஸ்க்கை நல்ல கேபிளோடு எடுத்துச் சென்று முன்புறக் கறுப்புத் துவாரத்தில் செருகினோம். மறுபடியும் 35! ஆகக் குற்றவாளிகள் இருவர். ஒருவனை மட்டும் பிடித்திருந்தால் விமானம்தான் பறந்திருக்கும்.

நண்பர் இப்பொழுது இரண்டு காகிதத் துண்டுகள் வெட்டி, கம்ப்யூட்டர்ப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். பின்புற நீலத் துவாரங்களின் மேல் 'எக்ஸ்பிரஸ்'. முன்புறக் கறுப்புத் துவாரங்களின் மேல் 'பாசஞ்சர்'. பழைய சார்ஜர்க் கேபிளைச் சுருட்டி, அதற்கும் ஒரு சீட்டுக் கட்டிவிட்டார். அதில் எழுதியிருப்பது: 'மீட்டர் கேஜ்.'