மூடப்படவிருந்த வாய்க்காலில் ஒரு படகுப் பயணம்

ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரிலிருந்து ரயிலில் தெற்கே ஏறக்குறைய 50 நிமிடம் சென்றால் யனகாவா வந்துவிடும். டிசம்பர் விடுமுறையில் பல்கலைக்கழக நண்பர்கள் இருவருடன் அங்குச் சென்றேன். படகில் சுற்ற வேண்டும், விலாங்கு மீன் சாப்பிட வேண்டும். எங்கள் திட்டம் அவ்வளவுதான்.

ஊரெங்கும் வாய்க்கால்கள். அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 930 கிலோமீட்டர். சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! அரியாக்கே கடலோரச் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, தோண்டிய மண்ணால் நிலத்தை உயர்த்தி உருவாக்கிய ஊர் இது. மழைநீரைச் சேமிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் கோட்டையைக் காக்கவும் இந்த வாய்க்கால்கள் பயன்பட்டன.

படகுக்கு இயந்திரம் இல்லை. படகோட்டி நீண்ட மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுகிறார். குளிர்காலம் என்பதால் நடுவில் போர்வை போர்த்திய தாழ்வான மேசை, அதன் அடியில் கணப்புச்சட்டி. கால்களை உள்ளே நீட்டிக்கொண்டோம். தாழ்வான பாலங்கள் வந்தபோதெல்லாம் அனைவரும் குனிந்தோம். வீடுகளின் பின்வாசல் படிகள் நீருக்குள் இறங்குகின்றன. ஒரு காலத்தில் குடிநீர் எடுத்ததும் காய்கறி கழுவியதும் இங்கேதான்.

கரையேறியதும் விலாங்குச் சாப்பாடு. குழம்புச் சாறு கலந்த சோற்றின்மேல் சுட்ட விலாங்கை வைத்து, மரப்பெட்டியில் ஆவியில் வேகவைக்கிறார்கள். மேலே மெல்லிய இழைகளாக நறுக்கிய முட்டை. இனிப்பும் உப்பும் சோற்றின் அடிவரை இறங்கியிருந்தன.

இந்த ஊரைப் பற்றிப் படித்தபோது என்னை அதிகம் ஈர்த்தது வேறொரு செய்தி. வீடுகளுக்குக் குழாய்நீர் வந்தபின் வாய்க்கால்களை யாரும் கவனிக்கவில்லை. குப்பை சேர்ந்தது, நாற்றமும் கொசுவும் பெருகின. 1977ல் பெரும்பாலானவற்றை மூடிவிட நகராட்சி திட்டமிட்டது. அந்தப் பணியைச் செய்ய வேண்டிய அதிகாரி ஹிரோமட்சு சுதாயே என்பவரே அதை எதிர்த்தார். வாய்க்கால்களை மூடினால் மழைநீர் தேங்க இடமிருக்காது என மேயரிடம் வாதாடினார். பின்னர் குடியிருப்பாளர்களைச் சந்தித்துப் பேசி, அவர்களுடன் தாமும் சேற்றில் இறங்கினார். திட்டம் கைவிடப்பட்டது.

ஜிப்லி ரசிகர்களுக்கு ஒரு தகவல்: இந்த முயற்சியை இசாவோ தக்காஹாத்தா 1987ல் ஆவணப்படமாக எடுத்தார். தயாரித்தவர் ஹயாவோ மியசாக்கி.

இந்த இரண்டு ஆண்டுகளும் நமக்குப் பழக்கமானவை. சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று திரு லீ குவான் இயூ இலக்கு வைத்தது 1977ல். பணி நிறைவடைந்தது 1987ல். இங்கே அரசாங்கம் முன்னின்று படகுகளையும் அங்காடிக் கடைகளையும் இடம் மாற்றியது. யனகாவாவிலோ வாய்க்கால் ஓரம் வசித்தவர்களே மண்வெட்டி பிடித்தார்கள். இரண்டு வழிகளும் பலன் தந்தன. ஆனால், நம் ஆற்றை யாரோ சுத்தம் செய்வார்கள் என்ற எண்ணம் என் தலைமுறைக்கு எளிதாக வந்துவிடுகிறது.

நீங்கள் பிப்ரவரியில் யனகாவா செல்வதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கோட்டையைச் சுற்றிய வாய்க்கால்களின் நீரைச் சில நாள்களுக்கு வடித்துவிட்டுத் துப்புரவு செய்வார்கள். அப்போது வழக்கமான படகுப் பயணம் கிடைக்காமல் போகலாம். ஆனால், அந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்பதை நேரில் பார்க்கலாம்.