ஹார்டு டிஸ்க்குக்குத் தனி ஃபேன் தேவையா? பாண்டி வெயிலும் கடல் காற்றும் செய்யும் வேலை

அக்னி நட்சத்திர நாட்களில் புதுச்சேரியில் மதியம் ஆனால் கடைக்குள் உட்காரவே முடியாது. மனுஷனுக்கே இந்த நிலை என்றால், கல்லா மேசைக்கு அடியில் அடைத்து வைத்த பெட்டிக்குள் 24 மணி நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும் சிசிடிவி ரெக்கார்டரின் ஹார்டு டிஸ்க் என்ன பாடுபடும்? திருட்டு நடந்த அன்றைக்குப் பார்த்து "ரெக்கார்டிங் இல்லை" என்று திரையில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்காகவே ஹார்டு டிஸ்க் கூலர் என்ற பெயரில் சின்ன ஃபேன்கள் விற்கின்றன. டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டுவது ஒரு வகை. சிபியூவில் சிடி டிரைவ் இருந்த இடத்தில், முன்பக்கம் இரண்டு மூன்று குட்டி ஃபேன்களோடு உட்காருவது இன்னொரு வகை. வாங்கலாமா?

கணக்கு இதுதான்

ஹார்டு டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. மோட்டாரும் சர்க்யூட் போர்டும் சூடாகும். பெரும்பாலான டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் உச்ச வரம்பு 60 டிகிரி செல்சியஸ். காற்றோட்டமே இல்லாத பெட்டியில் டிஸ்க்கின் சூடு அறையைவிட 15, 20 டிகிரி கூடுதலாகப் போகலாம். அறையே 38 டிகிரி என்றால் மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

ஃபேன் இந்த வித்தியாசத்தைத்தான் குறைக்கும். அது ஏசி இல்லை. அறை 38 டிகிரி என்றால், எவ்வளவு வேகமாக ஊதினாலும் டிஸ்க் 38-க்குக் கீழே வராது. அதனால் அடைத்த பெட்டிக்குள் குட்டி ஃபேனை மாட்டினால், அதே சூடான காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவிடும். முதலில் பெட்டிக்கு வழி விடணும்.

குட்டி ஃபேனில் இன்னொரு வம்பு. சின்ன விசிறி என்பதால் வேகமாகச் சுற்ற வேண்டும், சத்தம் போடும், சீக்கிரம் தேயும். நின்றுபோனால் யாருக்கும் தெரியாது. நின்ற ஃபேன் டிஸ்க்கின் அடியில் காற்றை மறைக்கும் மூடியாகிவிடும். அதைவிட, சிபியூவின் முன்பக்கம் டிஸ்க்குக்கு நேராக 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று மெதுவாகச் சுற்றினாலே போதும்.

சூடுதான் வில்லனா?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 2007-ல் கூகுள் நிறுவனம் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், சூட்டுக்கும் பழுதுக்கும் எல்லோரும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்று தெரியவந்தது. மிக அதிக சூட்டிலும், மூன்று வருடத்தைத் தாண்டிய டிஸ்க்குகளிலும்தான் பாதிப்பு தெரிந்தது. பல கடைகளில் ஓடுவது அப்படிப்பட்ட வயசான டிஸ்க்தான் என்பது வேறு விஷயம்.

மைக்ரோசாஃப்டின் டேட்டா சென்டர்களை வைத்து 2016-ல் வந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: சூட்டைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் டிஸ்க் பழுதுக்குப் பெரிய காரணம். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியம்.

பாண்டியில் காற்று ஈரமானது, உப்பும் கலந்தது. கடற்கரைச் சாலைப் பக்கம் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்த்தால் புரியும். ஃபேன் போட்டால் அந்தக் காற்றும் தூசியும் நேராக சர்க்யூட் போர்டின் மேல்தான் போகும். அதனால் ஃபேனுக்கு முன்னால் தூசி வடிகட்டி வலை வேண்டும், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

ஏசி அறையில் இருந்த டிஸ்க்கை வெளியே எடுத்து உடனே கணினியில் செருகுவதும் ஆபத்து. ஐஸ் போட்ட ஜூஸ் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, குளிர்ந்த டிஸ்க்கின் மேல் நீர் படியும். பையோடு ஓரிரு மணி நேரம் அப்படியே விட்டுப் பிறகு செருகினால் போதும்.

ஓலைச்சுவடி ஊரில்...

1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செயின்ட் லூயி தெருவில், கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கும் இங்குள்ள பிரெஞ்சு கீழைத்தேயவியல் ஆய்வுப் பள்ளியிலும் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எண்ணெய் தடவிப் பராமரித்தால் ஓலை நூற்றாண்டுகள் நிற்கும். அதை டிஜிட்டல் படமாக்கி ஒரே டிஸ்க்கில் போட்டு வைத்தால் சில வருடம்தான் உத்தரவாதம், எத்தனை ஃபேன் மாட்டினாலும். கல்யாண வீடியோவுக்கும் அதே கதைதான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருப்பது ஃபேனைவிட மேல்.

உங்க டிஸ்க்கை எப்படிப் பார்ப்பது?

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை விண்டோஸ் கணினியில் திறந்தால் டிஸ்க்கின் சூடு எண்ணாகவே தெரியும். மதியம் 2 மணிக்குப் பாருங்க, காலையில் பார்த்துப் பயனில்லை. 45 டிகிரிக்குள் என்றால் கூலருக்குச் செலவு செய்ய வேண்டாம். 50-ஐத் தாண்டினால் பெட்டியை நகர்த்தி, வலையைத் துடைத்து, பிறகு ஃபேனை யோசிக்கலாம். சிசிடிவி ரெக்கார்டராக இருந்தால் மேலே துணியோ பில் புத்தகமோ இருக்கக் கூடாது, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கணும். எஸ்எஸ்டி என்றால் சுற்றும் தட்டே இல்லை, சாதாரண வீட்டு வேலைக்கு இந்தக் கூலர் தேவைப்படாது.

டிஸ்க்கின் மேல் ஊசித் துளை அளவு ஓட்டை ஒன்று இருக்கும், பக்கத்தில் மூடாதீர்கள் என்றும் எழுதியிருக்கும். உள்ளே காற்றழுத்தம் சமமாக இருக்க அது வேண்டும். கூலரையோ வாரண்டி ஸ்டிக்கரையோ அதன் மேல் ஒட்டிவிடக் கூடாது. டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டுபோகணும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பாண்டி ஈரக்காற்றில் வெளியே எடுத்த நிமிடமே அதன் மேல் தண்ணீர் கோத்துவிடும்.