ஆத்தங்குடிப் பூ எங்கே போனது?

பள்ளத்தூரில் ஒரு நகரத்தார் வீடு. தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மேல் சாயம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்வார்களே, அந்தக் கல்தான். காவிச் சிவப்பில் பூ, சுற்றிலும் பாசிப் பச்சை என்று வைத்துக்கொள்வோம். வண்ணப் படத்தில் பூ துள்ளிக்கொண்டு நிற்கும். அதே படத்தைக் கணினியில் ஒரே தட்டில் கறுப்பு வெள்ளையாக்கினால் பூவைக் காணோம்.

கேமராவைக் குறைசொல்ல வேண்டாம். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. 0 முதல் 255 வரை. நிறத்தை நீக்கும்போது, பரவலாக வழங்கும் ஒரு சூத்திரம் சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கை எடுத்துக் கூட்டுகிறது. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகப் படும். அதனால் அதற்குப் பெரிய பங்கு. பூவின் சிவப்பு 180, 60, 50. சுற்றியுள்ள பச்சை 60, 115, 85 என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் விடை ஏறக்குறைய 95. ஒரே சாம்பல்.

சிவப்பு எண்ணை மட்டும் எடுத்தால் பூ 180, சுற்றுப்புறம் 60. இருட்டில் வெளுத்த பூ. நீலத்தை மட்டும் எடுத்தால் 50, 85 என்று தலைகீழாகிவிடும். கறுப்பு வெள்ளை கற்பவர் முதலில் பழக வேண்டியது இந்தக் கலவையைத்தான். லைட்ரூம் மென்பொருளில் எட்டு நிறங்களுக்கு எட்டு ஸ்லைடர்கள் இருப்பது இதற்காகவே. பலர் அவற்றைத் தொடாமல் கான்ட்ராஸ்டை மட்டும் ஏற்றிவிட்டுத் திருப்தியடைகிறார்கள். பூ திரும்பி வராது.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கலவையை வேதியியல் முடிவு செய்தது. வெள்ளி உப்புகளுக்கு இயல்பில் நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் பச்சையையும் பதிய வைக்கலாம் என்று கண்டார். அப்படி வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகளுக்குச் சிவப்பு மட்டும் தெரியாது. அவற்றில் எடுத்த படத்தில் நெற்றிக் குங்குமம் மைப்பொட்டாகும், அட்டிகையின் கெம்புக்கல் கரியாகும், மாநிறம் இன்னும் இரண்டு படி கறுக்கும். முகப்பில் மாட்டியிருக்கும் பழைய படத்தைப் பார்த்து 'அப்பத்தா இவ்வளவு கறுப்பா?' என்று கேட்பவர்கள் அப்பத்தாவை விட்டுவிட்டுத் தகட்டைச் சந்தேகிக்கலாம். எல்லா நிறமும் பதியும் பான்குரோமேட்டிக் சினிமா ஃபிலிமைக் கோடாக் 1922இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பள்ளத்தூர் பாப்பா' என்று நாடக மேடையில் பேர் வாங்கிய மனோரமா 1958இல் 'மாலையிட்ட மங்கை' மூலம் திரைக்கு வந்தபோது அதுதான் எங்கும் நடைமுறை.

படம் எடுக்கும் இடத்திலேயே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கேமராவின் வெளிச்ச மீட்டர், எதிரே இருப்பதைச் சராசரிச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். ஆனால் உள்முற்றமான வளவு வாசலில் வெயில் கொட்டி, பின்னால் பட்டாலைக் கூடம் இருண்டு கிடந்தால் கூட்டக் கூடாது. டிஜிட்டலில் வெளுத்துப்போன இடத்தை மீட்க முடியாது. இருட்டிலிருந்து ஓரளவு தோண்டி எடுக்கலாம். அதனால் வெயிலுக்கு அளவு வைத்து, 'ரா' கோப்பாகச் சேமிப்பது நல்லது. நெகட்டிவ் ஃபிலிமில் கதை நேரெதிர்: இருட்டுக்கு அளவு வைத்து, வெளிச்சத்தைக் கழுவும் நேரத்தில் அடக்குவார்கள். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த ஜோன் முறையின் சாரம் இதுதான். நிலைக்கதவின் செதுக்கல்களுக்குக் காலைச் சாய்வெயில் போதும், அங்கே எந்தச் சூத்திரமும் வேண்டாம்.

நிறமே வேண்டாம் என்பவர்களுக்கென்று லைகா 2012இல் எம் மோனோகுரோம் என்ற கேமராவைக் கொண்டுவந்தது. பெரும்பாலான மற்ற கேமராக்களின் சென்சார் மேல் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலச் சல்லடை இதில் கிடையாது. கோடாக்கின் பிரைஸ் பேயர் பெயரில் 1976இல் காப்புரிமை பெற்ற சல்லடை அது. அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் முழு வெளிச்சம் கிடைக்கும், படமும் கூர்மை. ஆனால் நிறத் தகவல் பதியாததால் வீட்டுக்கு வந்து எட்டு ஸ்லைடர்களை நகர்த்தியும் பயனில்லை. தாத்தா காலத்து மஞ்சள், சிவப்புக் கண்ணாடிகளை லென்ஸ் முன்னால் மாட்டித்தான் எடுக்க வேண்டும். சிவப்புக் கண்ணாடி ஏறக்குறைய மூன்று ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும். பட்டாலைக்குள் எடுப்பதென்றால் டிரைபாடும் கூடவே போக வேண்டும்.