விலாசம் மாறிய பிரிண்டர்

தமிழக எல்லையை ஒட்டிய வெள்ளறடையிலும், கேரளத்தின் பிற ஊர்களைப் போலவே, சான்றிதழ், விண்ணப்பம் எல்லாம் இன்று கம்ப்யூட்டர் வழியேதான். அரைநாள் கூலியை விட்டு வரும் தொழிலாளியிடம், "பிரிண்டர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்றால் என்ன செய்வார்? சில வேளைகளில் பிரிண்டரில் பழுதே இராது. அதன் விலாசம்தான் மாறியிருக்கும்.

ஒரே இணைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.20 என்பது போல ஓர் எண் விலாசம் வேண்டும். முன்னர் இதைப் பெரும்பாலும் கையால் பதிவு செய்தனர். ஒரே எண்ணை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் தடுமாறும். 1993-ல் டி.எச்.சி.பி. என்ற தானியங்கி முறை வகுக்கப்பட்டது. லாட்ஜ் மானேஜர் காலி அறையின் சாவியை நாள் கணக்கில் கொடுப்பது போல, ரூட்டர் காலி எண்ணைக் குறித்த காலத்துக்கு வழங்குகிறது. வந்து போகும் செல்போன்களுக்கு இதுவே வசதி.

பிரிண்டரின் நிலை வேறு. அதைத் தேடி மற்றக் கருவிகள் வரவேண்டும். மின்சாரம் போய் வந்தபின் அதற்கு வேறு எண் கிடைத்தால், கம்ப்யூட்டர்கள் பழைய விலாசத்திலேயே கதவைத் தட்டிக் கொண்டிருக்கும். ஆகவே பிரிண்டருக்கு நிலையான எண் தேவை. கையால் பதிவோர், ரூட்டர் வழங்கும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'இந்தப் பிரிண்டருக்கு இந்த எண்' என ரூட்டரிலேயே ஒதுக்கி வைப்பது அதனினும் நல்லது.

சில நிமிட வேலைதான். பலருடைய அரைநாள் கூலி மிச்சமாகும்.