கிள்ளான் ஆறும் அதன் கிளையாறுகளும்

'கோலா' என்னும் மலாய்ச் சொல், ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடு கூடுமிடத்தையும், கடலோடு கலக்குமிடத்தையும் குறிப்பது. தமிழ்முன்னோர் முன்னதைக் கூடல் என்றும், பின்னதைப் புகார் என்றும் வழங்கினர். 'லும்பூர்' என்பது சேறு. ஆகவே, கோலாலம்பூர் என்பதற்குச் சேற்றுக்கூடல் என்பதே பொருள்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். சிற்றாறு பேராற்றோடு கூடுமிடத்தைச் சிற்றாற்றின் பெயரால் அழைத்தலே மலாய் மரபு. அவ்வாறாயின் இவ்வூர் 'கோலா கொம்பாக்' என்றன்றோ பெயர் பெற்றிருத்தல் வேண்டும்? லும்பூர் என்பதே ஒரு சிற்றாற்றின் பெயராக இருந்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவது இதுபற்றியே.

கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்கு வடகிழக்கிலுள்ள தீத்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மலையடியில் வெண்கல் முகடு ஒன்றை அறுத்துக்கொண்டு வெளிப்படும் இடத்தில் 1958-இல் அணை கட்டப்பெற்றது. பின்னர் கிழக்கிலிருந்து அம்பாங் ஆறு வந்து சேர்கிறது. வடக்கிலிருந்து வரும் பத்து ஆறு முதலில் கொம்பாக்கில் கலக்க, கொம்பாக் ஆறு ஜாமெக் பள்ளிவாசலருகே கிள்ளானோடு கூடுகிறது. அதன் கீழ் கெராயோங், பெஞ்சாலா, டாமன்சாரா முதலியன சேர்கின்றன.

பத்துமலையிலுள்ள 'பத்து' எண்ணுப்பெயர் அன்று. அது கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல். அவ்வழி ஓடும் ஆற்றுக்கும் அதுவே பெயர். தைப்பூசத்தில் காவடி எடுப்போர் நீராடுவதும் அவ்வாற்றிலேதான். மாணவர்க்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் நன்று.

1857-இல் வெள்ளீயம் தேடிப் புறப்பட்ட சீனத் தொழிலாளர் 87 பேர் ஆற்றுவழியே வந்து, இக்கூடலில் இறங்கி, அம்பாங்கிற்கு நடந்து சென்றனர். படகுப் போக்குவரத்துக்கு உகந்த எல்லை அதுவாதலின், அங்கே கடைகள் தோன்றின, ஊர் வளர்ந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழிக்கவே, ஓலைவீடுகள் மறைந்து செங்கற் கட்டடங்கள் எழுந்தன. அதற்கான செங்கல் அறுத்த களமே ஆற்றங்கரையிலுள்ள பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் தொடர்வண்டி ஓடத் தொடங்கியதும் ஆற்றுவழிப் போக்குவரத்து குன்றியது. இரயில்வேயில் பணிபுரிந்த தமிழர் பலர் குடியேறியதும் அச்செங்கற் களத்திலேயே ஆகும்.

ஊரை ஆக்கிய கூடலே ஊருக்கு இடராகவும் அமைந்தது. மலைமழை மூன்று ஆறுகளின் வழியே ஒரே வேளையில் விரைந்து வந்து குறுகிய இடத்தில் நெருங்குகிறது. சுரங்கமண் ஆற்றுப்படுகையை மேடாக்கியது. 1926-லும் 1971-லும் பெருவெள்ளம் நகரை மூழ்கடித்தது. கரைகள் காரையால் கட்டப்பட்டன. 2007-இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் சுரங்கவழி, மேலாற்று வெள்ளத்தை நகருக்கு அடியிற் செலுத்திக் கெராயோங் ஆற்றில் விடுகிறது. மனிதன் வெட்டிய கிளையாறு என்றே இதனைக் கூறலாம்.

எனினும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. கீழ்நிலத்தில் கடலேற்றம் ஆற்றுநீரைத் தடுத்து நிறுத்துமாதலின், கனமழையும் ஏற்றமும் ஒன்றுபடின் நீருக்குப் போக்கிடம் இல்லை. மலை முதல் கடல் வரை ஆறு ஒன்றே. மேற்கரையில் மரம் வெட்டினும், நடுவில் குப்பை கொட்டினும், துன்புறுவோர் கீழ்க்கரையினரே. ஊர்ப்பெயரின் பொருளைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனையும் சேர்த்துக் கற்பித்தல் கடன்.