கைக்குழந்தையை எங்கே விடுவது? வீட்டு டே கேரா, பெரிய மையமா?

பேறுகால விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான் பல வீடுகளில் இந்தப் பேச்சே தொடங்குகிறது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? முன்பு பாலக்கரையிலும் தென்னூரிலும் ஒரே வீட்டில் நன்னி, அத்தம்மா, சாச்சி என்று பலர் இருந்தார்கள். கேள்விக்கே இடமில்லை. இன்று அதே தெருவில் பிறந்த பெண் காஜாமலையிலோ திருவானைக்காவலிலோ தனிக்குடித்தனம் இருக்கிறார். பள்ளியிலோ வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்க்கிறார். கணவர் வளைகுடாவில் இருக்கலாம். மாமியாருக்கு முழங்கால் வலி இருக்கலாம்.

இந்த நிலையில் நம் முன் இருப்பவை இரண்டு வழிகள். ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே மூன்று நான்கு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீட்டு டே கேர் ஒன்று. தனிக் கட்டடம், பல ஆயாக்கள், பெயர்ப்பலகை, கேமரா என்று நடக்கும் மையம் இன்னொன்று. எது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. குழந்தையின் வயதையும் அந்த இடத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

குழந்தையைப் பிறர் கையில் கொடுப்பதே தவறு என்று சிலர் தாயை மனம் நோகச் செய்கிறார்கள். அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம் இதைப் பற்றி நேரடியாகப் பேசுகிறது. பாலூட்டும் காலம் முழுமையாக இரண்டு ஆண்டுகள். அதற்கு முன் பால் மறக்கடிக்க வேண்டுமானால் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் மனம் ஒப்ப முடிவெடுக்க வேண்டும். குழந்தையின் பொருட்டு தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது. பிறரிடம் பாலூட்டக் கொடுப்பதும் குற்றமில்லை. ஆனால் அவருக்குரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பனூ சஅத் கோத்திரத்து ஹலீமா அவர்களின் வீட்டில் வளர்ந்தவர்கள். ஆகவே, பொறுப்பான ஒருவரிடம் குழந்தையைக் கொடுப்பது குற்றவுணர்ச்சிக்குரிய செயல் அல்ல. பொறுப்பானவரா என்று விசாரிக்காமல் கொடுப்பதுதான் தவறு. அந்த விசாரணையைத் தாயின் தலையில் மட்டும் கட்டுவதும் சரியல்ல. ஆலோசனை இருவருக்கும் உரியது.

முதலில் விடுப்பைக் கணக்கிடுவோம்

தனியார் நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு, பேறுகால நலன் குறித்த சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. மூன்றாவது குழந்தைக்கு 12 வாரம்தான். 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். உடல்நிலை இடம்கொடுத்தால் விடுப்பின் பெரும்பகுதியைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு என்பதால், அவர்களின் முடிவு வேறு மாதிரி இருக்கும்.

அதே சட்டத்தில் பலர் கேட்காமல் விட்டுவிடும் இரண்டு உரிமைகள் உள்ளன. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்கலாம். அடுத்து, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகள் உண்டு. வெளியே இடம் தேடும் முன் இவ்விரண்டையும் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பார்ப்போம்.

அங்கன்வாடியை நம்பி இருக்க முடியாது. தமிழகத்தில் அது இரண்டு வயது ஆன பிள்ளைகளுக்கானது. மத்திய அரசின் 'பால்னா' காப்பகத் திட்டமும் ஆறு மாதத்துக்குப் பிறகே சேர்த்துக்கொள்ளும். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு நாம்தான் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

வீட்டு டே கேர்: நன்மையும் ஆபத்தும்

கைக்குழந்தைக்குத் தேவை ஒரே முகம், ஒரே மடி, ஒரே குரல். நல்ல வீட்டு டே கேரில் அது கிடைக்கும். பிள்ளைகள் குறைவு என்பதால் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு தொற்றுவதும் குறையும். பெரும்பாலும் நம் தெருவிலேயே இருக்கும், கட்டணமும் நேரமும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்து என்னவென்றால், அந்த ஒருவரைக் கவனிக்க வேறு யாரும் இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தாலோ ஊருக்குப் போனாலோ மாற்று ஆள் இல்லை. அவர் சமையல் செய்துகொண்டே பார்க்கிறாரா? அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள்? குழந்தையை அவர் வீட்டுப் பெரிய பிள்ளைகள் தூக்கிக்கொண்டு அலைகிறார்களா? மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, நிரம்பிய வாளி, தரையில் கேஸ் சிலிண்டர், கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, இவற்றையெல்லாம் நாமே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

மையம்: நன்மையும் ஆபத்தும்

ஒரு ஆயா வராவிட்டால் இன்னொருவர் இருப்பார். வருகைப் பதிவு, கேமரா, குறித்த நேரம் எல்லாம் உண்டு. ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதே ஒரு பாதுகாப்பு.

ஆனால் பெயர்ப்பலகையும் வண்ணச் சுவரும் குழந்தையைத் தூக்காது. எத்தனை குழந்தைக்கு எத்தனை ஆயா என்பதுதான் முக்கியமான கேள்வி. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் என்பது சட்டம். திருச்சியில் நாம் பார்க்கும் மையத்தில் ஒரே ஆயாவிடம் எட்டு கைக்குழந்தைகள் இருந்தால், ஒன்று அழும்போது மற்ற ஏழும் காத்திருக்க வேண்டியதுதான். ஆயாக்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்றும் கேட்க வேண்டும். மாதம் ஒரு முகம் என்றால் குழந்தை யாரிடமும் ஒட்டாது.

தீ விபத்துப் பாதுகாப்பை நம் பகுதி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தில் நடந்த தீ விபத்தில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகளை இழந்தோம். இரண்டிலும் கீற்றுக்கூரைதான் எரிந்தது. நடக்கத் தெரியாத குழந்தைகள் இருக்கும் இடம் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். கூரை கீற்றாக இருக்கக் கூடாது. இரண்டு வழிகள் வேண்டும். சமையலறை தனியாக இருக்க வேண்டும்.

காவிரிக்கு எந்தக் கரை?

இது நம் ஊருக்கே உரிய கேள்வி. ஸ்ரீரங்கத்தில் வீடு, தில்லைநகரிலோ திருவெறும்பூரிலோ வேலை என்றால் நடுவில் காவிரிப் பாலம் இருக்கிறது. 2022 நவம்பரில் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது சில மாதங்கள் எல்லோரும் சுற்றிச் சென்றது நினைவிருக்கும். வைகுண்ட ஏகாதசி நாட்களில் ஸ்ரீரங்கத்துக்குள் வண்டி நுழைவதே சிரமம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால், பெற்றோரில் ஒருவராவது பாலத்தைக் கடக்காமல் போய்ச் சேரும்படி இடம் இருக்க வேண்டும். தாய் இடைவேளையில் வந்து பாலூட்ட நினைத்தால், வேலை செய்யும் இடத்துக்கு அருகில் விடுவதே வசதி. வீட்டுக்கு அருகில் விட்டால் நன்னியோ அத்தம்மாவோ ஒரு நடை போய்ப் பார்த்து வரலாம். இதில் எது நடக்கும் என்று யோசித்து முடிவு செய்வோம்.

பால் விஷயத்தில் கவனம்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எடுத்து வைக்கும் பால், 25 டிகிரி வெப்பம் வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் திருச்சி வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது. எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை வைக்கலாம். கொண்டு செல்லும்போது ஐஸ் பேக் வைத்த பை வேண்டும். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்றும், ஒரு வயது ஆகும்வரை தேன் கூடாது என்றும் பார்த்துக்கொள்பவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு இதில் இன்னொரு கடமையும் இருக்கிறது. அந்நிஸா அத்தியாயம் 23ஆம் வசனப்படி பால்குடி உறவு திருமணத்தைத் தடுக்கும் உறவு. ஹனஃபி மத்ஹபில் ஒரு முறை குடித்தாலே அந்த உறவு ஏற்படும்; ஷாஃபி மத்ஹபில் ஐந்து முறை. பாட்டிலில் எடுத்துக் கொடுத்தாலும் பெரும்பாலான அறிஞர்களிடம் சட்டம் ஒன்றுதான். வீட்டு டே கேர் நடத்தும் பெண்மணி தாமும் பாலூட்டும் தாயாக இருந்தால், அழும் பிள்ளைக்கு இரக்கப்பட்டுப் பால் கொடுத்துவிடலாம். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். கொடுத்திருந்தால் அவர் பெயரையும் அவர் பிள்ளைகளின் பெயரையும் இரு குடும்பமும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மையத்தில் பல தாய்மார்களின் பாட்டில்கள் ஒரே பெட்டியில் இருக்கும். குழந்தையின் பெயரும் தேதியும் அழியாத மையால் எழுதிய பாட்டில்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே குழப்பம் நேர்ந்திருந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவோம்.

விடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை? அவர்களைப் பார்க்க எத்தனை பேர்?
2. சொல்லாமல் எந்நேரமும் வந்து பார்க்கலாமா? மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.
3. குழந்தையை எப்படித் தூங்க வைக்கிறார்கள்? சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணை வேண்டாம். தூளியில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது ஆபத்து.
4. மற்ற பிள்ளைகளுக்குத் தடுப்பூசி முறையாகப் போட்டிருக்கிறதா? நம் குழந்தைக்கு 6, 10, 14ஆவது வாரத் தடுப்பூசிகள் முடிந்தபின் விடுவது நல்லது.
5. காய்ச்சல் உள்ள பிள்ளையை அன்று சேர்த்துக்கொள்கிறார்களா?
6. துணி மாற்றிய பின் சோப்பு போட்டுக் கை கழுவுகிறார்களா? கேட்பதைவிட அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதே மேல்.
7. பெற்றோரைத் தவிர யார் வந்தால் குழந்தையைக் கொடுப்பார்கள்? பெயர்களை எழுதிக் கொடுப்போம்.

ஏற்கெனவே அங்கே பிள்ளையை விட்ட இரண்டு குடும்பங்களிடமாவது விசாரிப்போம். குழந்தையின் உடலில் காயமோ பயமோ தெரிந்தால் தயங்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

பார்த்துக்கொள்பவர் மாற்று மதச் சகோதரி என்பதால் மட்டும் ஒதுக்கத் தேவையில்லை. ஸ்ரீரங்கத்தில் சைவ வீட்டில் வளரும் நம் பிள்ளைக்கு முட்டையை இரவில் நம் வீட்டில் கொடுத்துக்கொள்ளலாம். திட உணவு தொடங்கும்போது எது கூடும், எது கூடாது என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

எங்கள் கருத்து

குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, நாம் நன்கு விசாரித்த, ஒரே கரையில் உள்ள, பிள்ளைகள் குறைவான வீட்டு டே கேரே நல்லது. அப்படிப்பட்டவர் கிடைக்காவிட்டால், மூன்று நான்கு சிசுவுக்கு ஒரு ஆயா வைத்திருக்கும் மையத்தைத் தேர்வு செய்யலாம். விசாரிக்காத வீட்டைவிட ஒழுங்காக நடக்கும் மையம் பாதுகாப்பானது. நடந்து பேசும் வயதில் மற்ற பிள்ளைகளோடு பழக மையம் உதவும்.

வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் முன்பே தொடங்கி, முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பழக்குவோம். கட்டணம், நேரம், விடுமுறை எல்லாவற்றையும் எழுதிக்கொள்வோம். நம் பிள்ளையைத் தன் பிள்ளை போல் பார்ப்பவரிடம் நூறு இருநூறுக்குப் பேரம் பேச வேண்டாம். மாதச் சம்பளத்தைத் தாமதிக்கவும் வேண்டாம். காலையில் கொண்டு விடுவதையும் மாலையில் அழைத்து வருவதையும் அத்தாவும் அம்மாவும் பகிர்ந்துகொண்டால், அந்த இடத்தில் நடப்பது இருவருக்கும் தெரியும். வல்ல இறைவன் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.